முன்பதிவு என்னும் கையொப்பம்

திருவனந்தபுரத்தில் வாழும் ஒரு தமிழ் எழுத்தாளரின் நூல் அச்சேறும் ஊர் சென்னையாகவோ சிவகாசியாகவோ நாகர்கோவிலாகவோ இருக்கும். அது கட்டுக்கட்டாக வந்து இறங்கும் இடம் பெரும்பாலும் தம்பானூர்தான். இரயிலில் வந்தாலும் சரி, நாகர்கோவில் பேருந்தில் வந்தாலும் சரி, நிலையங்கள் இரண்டும் சாலையின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றன. கட்டைத் தோளில் சுமந்தோ ஆட்டோவில் ஏற்றியோ வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் சிக்கல். தம்பானூரைச் சுற்றி நடந்தால் மலையாள நூல்களுக்குக் கடைகள் உண்டு. பேருந்து நிலையத்திலேயே தமிழ் வார இதழ்களும் தொங்கும். ஆனால் அண்மையில் வந்த ஒரு தமிழ் நாவலையோ ஆய்வு நூலையோ கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்குவதற்கான அடுக்கு காண்பதரிது. கடையில் தற்செயலாகக் கண்டு வாங்கும் வாசகர் என்ற ஒருவர் இந்நகரத் தமிழ் எழுத்தாளருக்கு ஏறத்தாழ இல்லை. ஆகவே அவருடைய நூல் அச்சுக்குப் போகும் முன்பே தன் வாசகரைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முன்வெளியீட்டுத் திட்டம், முன்பதிவு என்ற பெயர்களில் சமூக ஊடகங்களில் அடிக்கடி கண்ணில் படும் அறிவிப்புகளின் பின்னணி இதுவே. அவற்றுக்கு வரும் எதிர்வினைகள் இரு வகைப்படும். ஒன்று, எழுத்தாளர் கையேந்துகிறார் என்னும் முகச்சுளிப்பு. மற்றொன்று, எவ்வளவு தள்ளுபடி என்னும் வினா. முகம் சுளிப்பவர் முன்பதிவை இரவலாகக் காண்கிறார். தள்ளுபடி கேட்பவர் அதை ஆடித் தள்ளுபடியாகக் காண்கிறார். இரண்டு பார்வையுமே பிழையானவை. அச்சுத் தமிழின் வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்த்தால் அது விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் இதற்கு வழங்கிய சொல் கையொப்பம். ஒரு நூல் அச்சாகப் போகிறது என்று அறிந்தவர், ‘வெளிவந்ததும் இத்தனை பிரதி பெற்றுக்கொள்வேன்’ என்று ஓர் ஏட்டில் தம் பெயரெழுதி ஒப்பமிடுவார். சிலர் அப்போதே பணமும் தருவார்கள். சிலர் நூல் வந்தபின் தருவார்கள். உ.வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது இவ்வாறுதான் கையொப்பம் திரட்டினார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவருக்கு மாதச் சம்பளத்தைத் தவிர வேறு முதல் இல்லை. தாள் வாங்க வேண்டும், அச்சுக்கூலி தர வேண்டும், விடுமுறைதோறும் சென்னைக்குப் போய்த் தங்கிப் பிழைதிருத்த வேண்டும். பூண்டி அரங்கநாத முதலியார் போன்றோர் தமக்குத் தெரிந்த கனவான்களிடம் அவரை ஆற்றுப்படுத்தினார்கள். ‘என் சரித்திர’த்தில் இந்த அலைச்சல் விரிவாகவே பதிவாகியிருக்கிறது. சிந்தாமணி என்றொரு காவியம் உண்டு என்பதையே அதுவரை அறியாத அலுவலர்களும் வழக்கறிஞர்களும் அந்த ஏட்டில் பெயரெழுதினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்கள் ஒப்பமிட்டது காவியத்தை நம்பியன்று. பதிப்பிக்கும் மனிதரையும் பரிந்துரைத்த நண்பரையும் நம்பியே.

சொல்லின் திசை மாறியிருப்பதைக் கவனிக்கலாம். இன்று ‘கையொப்பமிட்ட பிரதி’ என்றால் எழுத்தாளர் வாசகருக்கு ஒப்பமிட்டுத் தருவது. முன்பதிவு செய்வோருக்கு அதுவே பரிசாகவும் அறிவிக்கப்படுகிறது. அன்றோ வாசகர் எழுத்தாளருக்கு ஒப்பமிட்டுத் தந்தார். ஒப்பத்தின் மதிப்பு வாசகர் பக்கம் இருந்தது. ஆங்கிலத்தின் ‘சப்ஸ்கிரைப்’ என்னும் சொல்லும் இலத்தீனில் ‘கீழே எழுது’ என்ற பொருளுடையதே. அதாவது ஓர் உறுதிமொழிக்குக் கீழே பெயரெழுதுதல். மலையாளம் வேறு வழியில் போனது. அங்கே சந்தாதாரர் ‘வரிக்காரன்’, சந்தாத்தொகை ‘வரிசங்க்ய’. தமிழிலும் மலையாளத்திலும் வரி என்பது கோட்டையும் குறிக்கும், இறையையும் குறிக்கும். தமிழ் பிற்காலத்தில் கையொப்பத்தைக் கைவிட்டுப் பாரசீக வழிவந்த சந்தாவை எடுத்துக்கொண்டது. பின்னர் பேருந்து, இரயில் இருக்கைகளுக்கு வழங்கும் முன்பதிவு என்ற சொல்லை நூலுக்கும் ஆக்கிக்கொண்டது. கையொப்பம் என்றபோது வாக்கு இருந்தது. சந்தா என்றபோது கடமை இருந்தது. முன்பதிவு என்னும்போது இடம்பிடித்தல் மட்டுமே மிஞ்சுகிறது. புத்தகத்துக்கு இடம்பிடிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆயிரம் பிரதி அச்சடித்தால் ஆயிரமும் கிடைக்கும். ஆகவே ‘ஏன் முன்கூட்டியே வாங்க வேண்டும், வந்தபின் பார்த்துக்கொள்ளலாமே’ என்று வாசகர் கேட்பது அச்சொல்லின்படி நியாயமே. பிழை வாசகருடையதன்று, பாதியாவது சொல்லினுடையது.

தம்பானூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் ஸ்ரீகண்டேசுவரம் இருக்கிறது. அவ்வூர்ப் பெயராலேயே அறியப்படும் ஸ்ரீகண்டேசுவரம் ஜி. பத்மநாப பிள்ளை ‘சப்ததாராவலி’ என்னும் மலையாளப் பேரகராதியைத் தொகுத்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனியொருவராக உழைத்துக் கையெழுத்துப்படியை முடித்தார். முடித்தபின்தான் பெருந்துன்பம் தொடங்கியது. அவ்வளவு பெரிய நூலை அச்சிடும் முதலீட்டுக்கு எவரும் துணியவில்லை. பின்னர்க் கண்ட வழி, அகராதியை ஒரு மாத இதழைப் போலச் சிறுசிறு பகுதிகளாக வெளியிடுவது. 1917 இல் முதல் பகுதி வந்தது. 1923 இல் இறுதிப் பகுதி வந்தது. ஒரு பகுதியை விற்றுக் கிடைக்கும் பணம் அடுத்த பகுதிக்குத் தாளாகவும் மையாகவும் மாற வேண்டும் என்பதே இத்தகைய வெளியீட்டின் உட்கணக்கு. ‘அ’ வாங்கியவர் ‘க’வுக்கும் ‘ப’வுக்கும் காத்திருந்தால்தான் ‘ஹ’ வரை அச்சாகும். பாதியில் வாசகர் விலகியிருந்தால் மலையாளத்துக்கு அரையகராதி ஒன்றே வாய்த்திருக்கும்.

இன்று அந்நூலைப் புரட்டும் மொழியியல் மாணவர்க்கு அது ஒற்றைப் பெருநூல். ஆசிரியர் பெயரன்றி வேறு பெயர் நினைவுக்கு வராது. ஆனால் ஆறாண்டுகள் தவணைதோறும் பணம் தந்து, வந்த பகுதிகளைச் சேர்த்துவைத்துக் கட்டமைத்துக்கொண்ட பெயரறியா வாசகர்களும் அதன் ஆக்கத்தில் பங்குடையவர்களே. அகராதியில் சொல்லுக்குப் பொருள் எழுதியவர் ஒருவர். அச்சொல் அச்சாகும் வரை காத்திருந்தவர் பலர்.

இதற்கு மாறான ஒரு நிகழ்வும் உண்டு. தமிழுக்கு அது துயரமானது. 1920 ஜூன் 28 அன்று கடையத்திலிருந்து சுப்பிரமணிய பாரதி தம் நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். புதுவை வாழ்வின் 12 ஆண்டு உழைப்பான கையெழுத்துப்படிகள் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை 40 நூல்களாகப் பகுத்து ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் போகிறேன். முதற்செலவு சுமார் 20,000 ரூபாய். ஓரிரு ஆண்டுகளில் ஒன்றரை இலட்சம் இலாபம் வரும். குறைந்தது 100 ரூபாயாவது கடன் தாருங்கள், நண்பர்களையும் தரச் செய்யுங்கள், முத்திரைத்தாளில் எழுதித் தருகிறேன், நூற்றுக்கு மாதம் 2 வட்டி தருகிறேன் என்பது அதன் சாரம். தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் விற்கும் என்று அவர் நம்பினார். நாலு இலட்சம் பிரதி, பிரதிக்குச் சராசரி அரை ரூபாய் என்பது கணக்கு. பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அந்த நாற்பது நூல்களை அவர் கண்ணால் காணவில்லை.

பாரதியை ஆதரிக்காத சமூகம் என்று இதைப் பேசி முடித்துவிடுவது வழக்கம். அது உண்மைதான் என்றாலும் போதாது. அவர் கேட்டது கடன், கேட்டது நண்பர்களிடம். 20,000 ரூபாய் என்பது அவர் கணக்குப்படி 40,000 பிரதியின் விலை. அதாவது அச்சிட நினைத்த பிரதிகளில் பத்தில் ஒன்று முன்னதாகவே விற்றிருந்தால் முதற்செலவு முழுவதும் கைக்கு வந்திருக்கும். ஆனால் அரை ரூபாய் தரக்கூடிய அந்த வாசகர்கள் எங்கே இருந்தார்கள், அவர்கள் பெயர் என்ன, முகவரி என்ன என்று சொல்லும் ஏடு எதுவும் அவர் கையில் இருக்கவில்லை. பத்தாண்டு புதுவையில் அடைபட்டிருந்தவருக்கு அப்படி ஓர் ஏட்டைத் திரட்ட வழியும் இல்லை. தமிழில் பாரதிக்கு வாசகர் இல்லாமல் போகவில்லை. வாசகரும் அவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் ஏற்பாடுதான் இல்லாமல் போனது. நூறு ரூபாய் தரும் இருநூறு செல்வர்களைக் காட்டிலும் அரை ரூபாய் தரும் நாற்பதாயிரம் எளியோர் ஓர் எழுத்தாளருக்கு உறுதியான துணை. அவர்களைச் சேர்த்துப் பிடிக்கும் கயிறு வேண்டும். முன்பதிவு அந்தக் கயிறு.

இனி இன்றைய கணக்கு. 400 ரூபாய் விலையிட்ட, 300 பக்க நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கடை வழியாக விற்றால் 35 முதல் 40 விழுக்காடு வரை விற்பனையாளர் கழிவு போகும். பதிப்பகத்துக்கு 240 முதல் 260 ரூபாய் வரை மிஞ்சும். அதுவும் உடனே வராது. விற்றபின் கணக்கு, கணக்கின்பின் நினைவூட்டல், அதன்பின் காசோலை என்று மாதங்கள் கழியும். அதே நூலை முன்பதிவில் 20 விழுக்காடு குறைத்து 320 ரூபாய்க்குத் தந்தாலும் அத்தொகை முழுவதும் அச்சகத்துக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் கையில் இருக்கும். அஞ்சல் செலவைக் கழித்தாலும் கடைவழி விற்பனையைவிட அது குறையாது. 100 பேர் பதிவு செய்தால் 32,000 ரூபாய். பெரிய பதிப்பகத்துக்கு இது ஒரு பொருட்டன்று. சிறு பதிப்பகத்துக்கு, அல்லது தாமே பதிப்பாளராகவும் இருக்க நேர்ந்த எழுத்தாளருக்கு, நகையை அடகு வைப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் தொகை. எழுத்தாளருக்கு 10 விழுக்காடு உரிமைத்தொகை என்று கொண்டால் 500 பிரதியும் விற்றபின் அவருக்கு வருவது 20,000 ரூபாய். மூன்றாண்டு உழைப்பின் விலை அது. அதையும் கேட்டு வாங்கக் கூச்சப்படும் பண்பாடு தமிழ் எழுத்துலகில் இன்னும் போகவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். வேண்டும்போது வேண்டிய அளவு அச்சிடும் முறை வந்துவிட்டதே, 50 பிரதிகூட அச்சிடலாமே, பின் முன்பணம் எதற்கு என்பது அது. மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஒருகாலத்தில் தமிழ் நூலென்றால் 1,200 பிரதி என்பது எழுதாத சட்டம். நூலக ஆணையை நம்பி அச்சடித்து, ஆணை வராதபோது கட்டிலடியில் கட்டுகள் மக்கிய வீடுகள் பல. இன்று அந்த இடர் குறைந்துவிட்டது. எண்பது பக்கக் கவிதைத் தொகுப்புக்கு முன்பதிவு அறிவிப்பது தேவையற்ற ஆரவாரம் என்றே தோன்றுகிறது. ஆனால் குறைந்த பிரதி என்றால் பிரதிக்கான செலவு கூடும், விலை கூடும், விலை கூடினால் மாணவர் வாங்கமாட்டார். எத்தனை பேர் வாங்குவர் என்று முன்னரே தெரிந்தால்தான் ஐந்நூறு பிரதியை ஒருசேர அடித்து விலையைக் குறைக்க முடியும். மேலும், அச்சுக்கூலி ஒன்றே செலவன்று. மெய்ப்புப் பார்த்தல், செம்மையாக்கம், சொல்லடைவு, நிலப்படம், பழைய ஒளிப்படங்களுக்கான உரிமம் ஆகியவை 50 பிரதி அடித்தாலும் 5,000 பிரதி அடித்தாலும் ஒரே செலவுதான். புதிய அச்சுமுறை இவற்றைத் தொடவே இல்லை. தொடாததன் விளைவைத் தமிழ் நூல்களின் மெய்ப்புப் பிழைகளில் காணலாம். முன்பணம் இல்லாத இடத்தில் முதலில் வெட்டப்படுவது மெய்ப்புத் திருத்துவோரின் கூலி.

ஆங்கில எழுத்தாளர்கள் முன்பதிவை வேண்டி எழுதுவதைத் தமிழில் அப்படியே ஒப்பிப்பதும் பொருந்தாது. அவர்களுடைய கவலை வேறு. முன்பதிவுகளெல்லாம் வெளியீட்டு வாரத்தின் விற்பனையாகக் கணக்கில் ஏறும். அதிகம் விற்ற நூல்களின் பட்டியலில் இடம் கிடைக்கும். அதைப் பார்த்துக் கடைகள் கூடுதலாக வாங்கும். தமிழில் அத்தகைய நம்பத்தக்க பட்டியலே கிடையாது. சென்னைப் புத்தகக் காட்சி முடிந்ததும் ஆளுக்கொரு பட்டியல் உலவும், அவ்வளவே. ஆகவே பட்டியலில் ஏற்றிவிடுங்கள் என்று தமிழ் வாசகரிடம் கேட்பதில் பொருளில்லை. நூலை அச்சில் ஏற்றிவிடுங்கள் என்று கேட்பதில் பொருள் உண்டு.

முன்பணம் வாங்குவோரின் பொறுப்பைப் பேசாமல் வாசகரின் கடமையை மட்டும் பேசுவது ஒருதலையானது. அலெக்சாண்டர் போப் 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட ஹோமரின் இலியட் மொழிபெயர்ப்பு கையொப்ப முறையின் பெருவெற்றி; அதன் வருவாயால் அவர் எந்தப் பிரபுவையும் அண்டாமல் வாழ முடிந்தது. அதே இலண்டனில் சாமுவேல் ஜான்சன் 1756 இல் ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு முன்பணம் வாங்கினார். நூல் வந்தது 1765 இல். இடையில் சார்லஸ் சர்ச்சில் என்னும் அங்கதக் கவிஞர், காசை வாங்கிக்கொண்டாய், புத்தகம் எங்கே என்னும் பொருளில் அவரை ஊரறியக் கேலி செய்தார். அகராதி தந்த பேரறிஞர் என்றும் பாராமல் கேட்டார், கேட்டது சரியே. தமிழிலும் அறிவித்த மாதத்தைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் இழுத்த முன்வெளியீடுகள் உண்டு. பதிவு செய்தவருக்குப் பிரதி அனுப்புமுன் புத்தகக் காட்சி அரங்கில் விற்பனைக்கு வைப்பதும் உண்டு. அதுவும் முன்பதிவு விலையைவிடக் குறைந்த விலைக்கு. இது ஒருமுறை நடந்தால் அந்த வாசகர் பிறகு எந்த எழுத்தாளருக்கும் முன்பணம் தரமாட்டார். ஒருவர் செய்த பிழைக்கு வேறொருவர் விலை தருகிறார். கையொப்பம் என்ற சொல்லை மீட்க வேண்டுமென்றால் அதற்கு எதிரொப்பமும் வேண்டும். எந்த நாளில் அனுப்பப்படும், தாமதமானால் யார் தெரிவிப்பார், நூல் வராமலே போனால் பணம் எப்படித் திரும்பும் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுவது அந்த எதிரொப்பம். அறிவிப்புகளில் அட்டைப்படமும் தள்ளுபடியும் பெரிதாக இருக்கின்றன. இந்த மூன்று வரியைத்தான் காணோம்.

கேரளம் இவ்வகையில் தமிழைவிடச் சற்று முன்னே சென்றிருக்கிறது. 1945 இல் பன்னிரண்டு எழுத்தாளர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, 120 ரூபாய் முதலில் கோட்டயத்தில் தொடங்கியது சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம். எம்.பி. பால் அதன் முதல் தலைவர். தகழியின் கதைத் தொகுப்பு அதன் முதல் நூல். எழுத்தாளருக்கு 30 விழுக்காடு உரிமைத்தொகை தந்த நிறுவனம் அது. ஸ்ரீகண்டேசுவரத்தின் அகராதியும் பின்னாளில் அச்சங்கத்தின் வெளியீடாயிற்று. அங்கே பயின்ற டி.சி. கிழக்கேமுறி 1974 இல் தொடங்கிய டி.சி. புக்ஸ், முன்வெளியீட்டுத் திட்டத்தைக் கேரள நடுத்தர வர்க்கத்தின் பழக்கமாகவே ஆக்கியது. கலைக்களஞ்சியங்களும் பெருந்தொகை நூல்களும் முன்பணம் பெற்று வீடுகளுக்குச் சென்றன. முன்பதிவு அங்கே எழுத்தாளரின் தனி வேண்டுகோளாக இல்லை, நிறுவனத்தின் அன்றாட நடைமுறையாக இருக்கிறது. ஆகவே கூச்சத்துக்கு இடமில்லை. தமிழில் வெண்முரசின் செம்பதிப்புகளுக்குக் கிழக்கு பதிப்பகம் செய்த முன்பதிவு இதற்கு அருகில் வருகிறது. ஆயிரம் பக்கத்தை நெருங்கும் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டி அட்டையில் கொண்டுவருவதற்கு வேறு வழி இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. எனினும் பெரும்பெயர் பெற்ற ஓர் எழுத்தாளருக்கு இயன்றது, முதல் நூல் எழுதுபவருக்கு இயல்வதில்லை. தமக்கென வாசகர் ஏடு இல்லாதவர்க்கு நிறுவனத்தின் ஏடு வேண்டும்.

திருவனந்தபுரத்துத் தமிழ் எழுத்தின் வரலாறு இந்த இல்லாமையின் வரலாறும்தான். நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த சம்பளத்திலிருந்து தம் நூல்கள் சிலவற்றைத் தாமே அச்சிட்டார். 1968 இல் அவர் தொகுத்து வெளியிட்ட ‘குருக்ஷேத்திரம்’ இன்று தமிழ் நவீனத்துவத்தின் மைல்கல்லாகப் பேசப்படுகிறது, வந்த காலத்தில் அதை எத்தனை கைகள் தொட்டன என்பது வேறு. மின்வாரியப் பொறியாளரான நீல. பத்மநாபனும் சாலைக் கடைவீதியில் வணிகம் செய்த ஆ. மாதவனும் வேறு வருவாயில் வாழ்ந்துகொண்டே எழுதினார்கள். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள்: ஒருவர் 2007 இல், மற்றவர் 2015 இல். விருது வந்தபின் நூலைத் தேடிய வாசகர் பலர். எழுதிய நாளில் அச்சுக்கூலிக்கு உதவக்கூடியவராக இருந்த வாசகரும் அவர்களே. நாற்பது ஐம்பது ஆண்டு தாமதமாக வந்தார்கள்.

எழுத்தாளருக்கு முன்பதிவு தருவது பணம் மட்டுமன்று. தன்னை வாசிக்கப் போகிறவர் யார் என்ற அறிவையும் தருகிறது. கடை வழி விற்கும் நூலின் வாசகர் ஓர் எண். அந்த எண்ணும் ஆண்டு இறுதியில்தான் தெரியும். முன்பதிவுப் பட்டியலில் இருப்பது பெயரும் ஊரும். நெய்யாற்றின்கரையிலிருந்து நால்வர், பாலக்காட்டிலிருந்து ஏழு பேர், தோவாளையிலிருந்து ஒருவர் என்று பட்டியல் வந்தால், இரு மொழி எல்லையில் வாழும் வாசகருக்கு வட்டாரச் சொற்பட்டியல் வேண்டுமா வேண்டாமா என்று அச்சுக்கு முன்பே முடிவு செய்யலாம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை இதே திருவனந்தபுரத்தை அரசியல் தலைநகராகக் கொண்டிருந்தது. அம்மண்ணின் தமிழை எழுதும் ஒருவருக்கு, ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர் என்று சொல்ல வேண்டியவர்கள் எத்தனை பேர், சொல்ல வேண்டாதவர்கள் எத்தனை பேர் என்பது சிறு செய்தியன்று.

இந்நகரத்திலேயே தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை இருக்கிறது. தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தமிழ் கற்பிக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. இவை நூல் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் தருகின்றன, பொன்னாடை தருகின்றன, தலைமையுரை தருகின்றன. விழா நடக்கும் நாளில் நூல் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. கடனும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. பொன்னாடைச் செலவில் ஐந்து பிரதியை மூன்று மாதம் முன்னதாகப் பதிவு செய்தால் போதும். ஒவ்வொரு நிறுவனமும் ஐந்து என்றால் நகரத்தில் முப்பது, நாற்பது பிரதி உறுதி. உறுப்பினர் வாட்சப் குழுவில் ஒரு வரி சேர்த்தால் இன்னும் முப்பது. நூலகத்துக்கு விலைப்புள்ளி கோராமல் வாங்க முடியாது, அச்சாகாத நூலுக்குப் பட்டியல் தர முடியாது என்று அலுவலக விதி குறுக்கே வரும். அவ்விதி துறைக்குப் பொருந்தலாம், துறையின் ஆசிரியர்களுக்குப் பொருந்தாது. ஆய்வு மாணவரின் ஏட்டில் மேற்கோளாக இடம்பெறப் போகும் நூல் ஒன்றை, அது பிறக்கும் முன் 320 ரூபாய் தந்து வரவேற்பது பேராசிரியரின் மாதச் சம்பளத்தில் எந்த மூலைக்கு?

அனுப்பும் செலவு ஒரு தடையாக இருந்தது உண்மை. 2024 டிசம்பரில் நூல்களுக்கான மலிவான பதிவஞ்சல் சேவை நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பகங்கள் தவித்தன. 150 ரூபாய் நூலுக்கு அஞ்சல் செலவு அதில் பாதியைத் தொட்டது. 2025 மே 1 முதல் அஞ்சல் துறை ‘கியான் போஸ்ட்’ என்ற சேவையைத் தொடங்கியிருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய். தனித்தனியாக அனுப்புவதைவிடச் சேர்த்து அனுப்புவது எவ்வளவு மலிவு என்பதை இந்த இரு எண்களே காட்டும். திருவனந்தபுரத்தில் பத்துப் பேர் ஒரே முகவரிக்கு முன்பதிவு செய்து, ஒரே கட்டாக வரவழைத்து, ஒரு ஞாயிறு மாலை தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய சுருள்வடிவ இந்தியன் காபி ஹவுஸில் கூடிப் பிரித்துக்கொள்ளலாம். காபி விலையையும் சேர்த்தால்கூடச் செலவு, ஆளுக்கொரு பொதியாக வரவழைப்பதைவிடப் பெரிதாக மிகாது. பத்துப் பேரைச் சேர்ப்பவர் ஒருவர் வேண்டும். அடுத்த முன்வெளியீட்டு அறிவிப்பு வரும்போது, விருப்பக்குறி இட்டு நகர்வதற்குப் பதிலாக, அதன் கீழே ஊர்ப்பெயரையும் தேவைப்படும் பிரதி எண்ணிக்கையையும் ஒருவர் எழுதிவிட்டால் மற்ற ஒன்பது பேரும் அங்கேயே வந்து சேர்வார்கள்.